தூண்டில் முள்ளை விழுங்கிய மீன்: பிடுங்குவதா, நரம்பை நறுக்கி விடுவதா, சட்டிக்கு எடுத்துப் போவதா?

தக்கை முழுதாக மூழ்கி, இழுத்து, மீனைக் கரைக்குக் கொண்டுவந்தாயிற்று. வாயைத் திறந்து பார்த்தால் முள்ளைக் காணோம். அதைக் கட்டிய தூண்டில் நரம்பு மட்டும் தொண்டைக்குள் இறங்கிப் போகிறது. சேலம் மூக்கனேரிக் கரையில் மண்புழு போட்டு ஜிலேபி (திலாப்பியா) மீன் பிடிப்பவருக்கும், மேட்டூர் அணையில் பண்ணவாடிப் பரிசல்துறைப் பக்கம் வாளைக்காகக் காத்திருப்பவருக்கும் இது அடிக்கடி நடப்பதுதான். அந்த நேரத்தில் பலரும் செய்வது என்ன? நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு ஒரே இழுப்பு. முள் வந்துவிடும். கூடவே தொண்டைச் சதையும், சில நேரம் செவுளில் ஒரு துண்டும் வரும். அந்த மீனைத் தண்ணீரில் விட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு போகும். பிழைத்துக்கொண்டது என்று நாமும் அடுத்த புழுவைக் கோர்ப்போம்.

ஆனால் நீந்திப் போனதும் பிழைத்ததும் ஒன்றல்ல. தொண்டை கிழிந்த மீன் உடனே மிதப்பதில்லை. சில மணி நேரத்திலோ சில நாளிலோ நம் கண்ணில் படாமல் சாகும். அப்படிச் சாகவிருக்கும் மீனைத் தண்ணீரில் விடுவதால் மீனுக்கும் பயனில்லை, நமக்கும் இல்லை.

இந்த நிலையில் நம் முன் உள்ள வழிகள் சில. நரம்பை நறுக்கி முள்ளோடு விடலாம். வாய் வழியாகக் கருவி விட்டு முள்ளை எடுக்கலாம். செவுள் மூடியைத் தூக்கி அந்தப் பக்கமிருந்து முள்ளைத் திருப்பி எடுக்கலாம். முள்ளையே வெட்டலாம். அல்லது மீனை அங்கேயே கொன்று வீட்டுக்கு எடுத்துப் போகலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முள்ளின் வளைவு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், விட நினைக்கும் மீனில் கருவியே போடக் கூடாது. நரம்பை நறுக்கி விட வேண்டும். செவுளிலிருந்து ரத்தம் ஓடினாலோ, ஏரியில் இருக்கவே கூடாத மீனாக இருந்தாலோ சட்டிக்குப் போக வேண்டும். மற்ற வழிகளுக்கு இடம் உண்டு, ஆனால் சின்ன இடம்தான்.

உள்ளே என்ன இருக்கிறது

மீனின் தொண்டை வெறும் குழாய் இல்லை. வாயின் பின்பகுதியில் இரண்டு பக்கமும் செவுள் வளைவுகள் நிற்கின்றன. அவற்றில் சிவப்பாகத் தெரியும் இழைகள் வழியாகத்தான் மீன் மூச்சு விடுகிறது. இழைகளுக்கு மேலே இருக்கும் தோல் மிக மிக மெல்லியது. தண்ணீரில் கரைந்திருக்கும் கொஞ்ச நஞ்ச ஆக்சிஜன் அதைத் தாண்டி ரத்தத்துக்குள் போக வேண்டும், அதனால்தான் அவ்வளவு மெல்லிசு. விரல் நகம் பட்டாலே கிழியும்.

இரண்டு பக்கச் செவுள்களும் அடியில் சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், முன் துடுப்புகளுக்கு நடுவே இதயம் இருக்கிறது. தொண்டையின் தரைப் பகுதியில் கீழ்நோக்கிக் குத்திய முள்ளுக்கும் இதயத்துக்கும் இடையில் சிறு மீனில் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். நாம் நரம்பை மேல்நோக்கி வெடுக்கென்று இழுக்கும்போது முள் சும்மா வெளியே வருவதில்லை. அதன் நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நிற்கும் சிறு கூர், வரும் வழியெல்லாம் சதையைக் கிழித்துக்கொண்டே வருகிறது.

ரத்தமும் மீனுக்குக் குறைவு. மனிதருக்கு உடல் எடை கிலோவுக்கு 70 மில்லி அளவுக்கு இருக்கும். ஒரு கிலோ மீனில் சுமார் 30 முதல் 50 மில்லிதான். கால் கிலோ ஜிலேபி என்றால் ஒரு சின்ன மருந்து மூடி அளவு. கரையில் கல் மேல் சொட்டியது 'கொஞ்சம் ரத்தம்தான்' என்று நமக்குத் தோன்றும். அந்த மீனுக்கு அது கொஞ்சமில்லை.

நரம்பை நறுக்கி விடுவது

இதைச் சொன்னால் முதலில் வரும் எதிர்ப்பு நியாயமானது. அக்கா மகனோடு மேட்டூர் போயிருந்தபோது அவன் கேட்டான்: "மாமா, முள்ளு உள்ளயே இருந்தா அதுக்கு வலிக்காதா?" வலிக்கும்தான். ஆனால் நம் கையில் இருப்பது வலி இருக்கும் வழியா, வலியே இல்லாத வழியா என்ற தேர்வு அல்ல. குத்தினது குத்தியாயிற்று. இனி எந்த வழியில் அந்த மீன் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம் என்பதுதான் கேள்வி. அவனிடமும் அதைத்தான் சொன்னேன்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவில் புளூகில் என்ற உள்ளங்கை அகல நன்னீர் மீனை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. முள்ளை ஆழமாக விழுங்கிய மீன்களில் ஒரு பகுதிக்கு முள்ளை எடுத்தார்கள், மற்றவற்றுக்கு நரம்பை மட்டும் நறுக்கினார்கள். 48 மணி நேரத்தில் முள் எடுத்தவற்றில் 33 சதவீதம் செத்தன. நரம்பு நறுக்கியவற்றில் 8 சதவீதம். பத்து நாள் வைத்துப் பார்த்தபோது அது 44க்கு 12.5 என்று ஆனது. இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. நரம்பு நறுக்கிய மீன்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை இரண்டே நாளில் முள்ளைத் தாமாகவே வெளியேற்றிவிட்டன. பத்து நாளில் பத்துக்கு ஏழு வெளியேற்றியிருந்தன.

புளூகில் நம்மூர் மீன் இல்லை. ஆனாலும் அளவிலும், சின்ன வாயிலும், முதுகு முள்ளிலும் நம் ஜிலேபிக்கு நெருக்கமானது. வெவ்வேறு நாடுகளில் வேறு மீன்களை வைத்துச் செய்த ஆய்வுகளும் பெரும்பாலும் இதே பக்கம்தான் சாய்கின்றன. ஆழத்தில் போன முள்ளை விட்டுவிடுவது எடுப்பதைவிட மேல்.

நறுக்குவதிலும் முறை இருக்கிறது. வாய்க்கு வெளியே அரை அடி நரம்பைத் தொங்கவிட்டு நறுக்கினால் அது செடியில் சிக்கும், மீன் இரை எடுக்கும்போது இழுக்கும். முள்ளுக்கு எவ்வளவு கிட்டப் போக முடியுமோ அவ்வளவு கிட்டே நறுக்க வேண்டும். அதற்காக நரம்பை இறுக்கிப் பிடித்து இழுக்கவும் கூடாது. தளர விட்டு, மெல்லிய நுனியுள்ள கத்தரியை வாய்க்குள் கொண்டுபோய் நறுக்க வேண்டும். ஈயக்குண்டு, நரம்பு முறுக்காமலிருக்கக் கட்டும் சுழலி எதுவும் மீனோடு போகக் கூடாது. நறுக்கி மீதியான நரம்பைக் கரையில் போடாமல் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மூக்கனேரியின் நடுவே உள்ள மண் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன, அவற்றின் காலில் சுற்றுவது இந்த நரம்புதான்.

இந்த வழி சரியாக வேலை செய்ய வேண்டுமானால் முள்ளும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். எவர்சில்வர் முள் துருப்பிடிக்காது என்று கடையில் பெருமையாகச் சொல்லி விற்பார்கள். பிடித்த மீனைத் திரும்ப விடும் நமக்கு அதுவே குறை. சாதாரண கார்பன் எஃகு முள், பழுப்பு நிறத்தில் வருவது, உள்ளேயே தங்கிவிட்டாலும் நாளாக நாளாகத் துருப்பிடித்து இற்றுப்போகும். விலையும் குறைவு. ஏரி, ஆறு இரண்டுக்கும் நான் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

வாய் வழியாகக் கருவி

முள்ளின் வளைவு கண்ணுக்குத் தெரிகிறது, நாக்குக்குப் பின்னாலோ மேலண்ணத்திலோ குத்தியிருக்கிறது, ரத்தம் இல்லை. அப்போது கருவி போடலாம். கட்டிங் பிளேயரை இதற்குக் கொண்டுவருபவர்கள் அதிகம். அது தடிமன், ஜிலேபி வாய்க்குள் போனால் பார்வையையே மறைத்துவிடும். அறுவை சிகிச்சைப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும் நீளமான ஃபோர்செப்ஸ், பூட்டிக்கொள்ளும் வகை, இதற்கு எவ்வளவோ மேல். ஆறேழு அங்குல நீளம் போதும். நுனியில் பிளவுள்ள முள் எடுக்கும் குச்சி ஒன்றும் கிடைக்கிறது. நரம்பைப் பிளவில் மாட்டி, குச்சியை நரம்பு வழியே இறக்கி, முள்ளைத் தள்ளிவிட வேண்டும். சிறு வாய் மீனுக்கு அது நல்லது. ஆனால் குச்சி எங்கே படுகிறது என்று தெரியாமல் குத்துவதாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

செய்யும் விதத்தில் ஒரே சூட்சுமம்தான்: முதலில் உள்ளே தள்ள வேண்டும். முள்ளின் வளைவைக் கவ்விக்கொண்டு, அது குத்திய வழியிலேயே லேசாகப் பின்னுக்குத் தள்ளினால் எதிர்க்கூர் சதையிலிருந்து விடுபடும். பிறகு மணிக்கட்டைத் திருப்பி வெளியே எடுக்கலாம். வெளிப்பக்கம் இழுப்பது கடைசி வேலை. நரம்பு அந்த நேரம் முழுக்கத் தளர்ந்தே இருக்க வேண்டும். இரண்டு முறை முயன்றும் வரவில்லையா, கத்தரியை எடுங்கள். மூன்றாவது முறை நம் வீம்புக்காகச் செய்வதுதான்.

இதெல்லாம் தண்ணீருக்குள்ளேயே, அல்லது ஈரச் சாக்கு மேல் நடக்க வேண்டும். வெயிலில் காய்ந்த பாறையிலும் மண்ணிலும் மீனைப் போட்டால் உடலின் வழவழப்பு உரிந்துவிடும். நோய்க் கிருமிகளைத் தடுக்கும் முதல் வேலி அந்த வழவழப்புதான். உலர்ந்த துணியால் பிடிப்பதும் அதே கெடுதல். கையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள்.

செவுள் பக்கமிருந்து திருப்புவது

முதலில் சொன்ன விதிக்கு விலக்கு இது, வாய் பெரிய மீன்களுக்கும் கைப்பழக்கம் உள்ளவருக்கும் மட்டும். முக்கால் கிலோவுக்கு மேல் விரால், நல்ல அளவு வாளை. முள் தொண்டை வாயிலில் குத்தியிருக்கிறது, நரம்பு கட்டிய வளையம் வாயை நோக்கி நிற்கிறது, வளைவோ பின்பக்கம் மறைந்திருக்கிறது. செவுள் மூடியை மெதுவாகத் தூக்கி, சிவப்பு இழைகளைத் தொடாமல், இரண்டு வளைவுகளுக்கு இடையிலுள்ள இடைவெளி வழியாக ஃபோர்செப்ஸ் நுனியை விட்டு முள்ளின் தண்டைப் பிடிக்க வேண்டும். அதைச் செவுள் பக்கமாகச் சாய்த்தால் முள் தலைகீழாகப் புரளும், கூர் சதையிலிருந்து கழன்றுவிடும். அப்புறம் அதை வாய் வழியாக எடுத்துவிடலாம்.

வெளிநாட்டில் பெரிய வாய் பாஸ் மீன் பிடிப்பவர்கள் இதை நம்பிச் செய்கிறார்கள். கைப்பழக்கம் உள்ளவர் செய்தால் ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் முடியும். பழக்கம் இல்லாதவர் செய்தால் மேலே சொன்ன எல்லா வழிகளையும்விட இதுவே அதிக மீனைக் கொல்லும், ஏனென்றால் கருவி போகும் இடமே செவுள். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் சாப்பிட எடுத்துப் போகும் மீனில், அது செத்த பிறகு, பழகுங்கள். ஜிலேபியிலும் கெண்டையிலும் இதை முயலவே கூடாது, இடமே பற்றாது.

முள்ளை வெட்டுவது

கூர் சதையைத் துளைத்து வெளியே, கன்னத்திலோ செவுள் மூடியிலோ தெரிந்தால் பேச்சே இல்லை. சின்ன சைடு கட்டரால் கூரை வெட்டிவிட்டு மீதியை வந்த வழியே உருவலாம். இரையாகப் போடும் தவளைப் பொம்மையில் வரும் இரட்டை முள்ளுக்கும், மூன்று கூர் முள்ளுக்கும் இதுதான் வேகமான வழி. ஒரு முள் போவதைப் பெரிதாக எண்ணக் கூடாது.

எந்த மீன் என்பதே பாதி முடிவு

இவ்வளவு நேரம் எல்லா மீனும் விட வேண்டிய மீன் என்ற நினைப்பில் பேசினோம். அப்படி இல்லை. சேலம் சுற்றுவட்டாரத்தில் இது பெரிய விஷயம்.

ஜிலேபி 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன். இன்று அது இல்லாத ஏரி நம் பக்கம் அபூர்வம். பெண் மீன் முட்டையை வாயிலேயே வைத்துக் காப்பதால் எந்தக் குட்டையிலும் பெருகிவிடும். அது முள்ளை விழுங்கிவிட்டால் நான் தயங்குவதில்லை, வீட்டுக்குத்தான். ஆப்பிரிக்கக் கெளுத்தி இன்னும் தெளிவான வழக்கு. 2000ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு அதன் வளர்ப்புக்குத் தடை போட்டது. நாட்டு மீன், தவளை என்று கிடைப்பதையெல்லாம் தின்றுவிடும். தட்டையான பெரிய தலை, உடலில் திட்டுத்திட்டாகக் கருமை. முள் உதட்டில் குத்தியிருந்தாலும் சரி, தொண்டையில் குத்தியிருந்தாலும் சரி, அது தண்ணீருக்குத் திரும்பக் கூடாது.

விரால் நம் மீன். அதிலும் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் காலத்தில், தண்ணீர் மேல் சிவப்பாகச் சிறு மீன்கள் கொதிப்பது தெரிந்தால், அந்த இடத்தில் தூண்டில் போடாமல் நகர்ந்துவிடுவதே சரி. தாயோ தகப்பனோ மாட்டி, கால் மணி நேரம் கரையில் கிடந்தால் அந்தக் கூட்டத்தை மற்ற மீன்கள் தின்றுவிடும். மாட்டிவிட்டால் ஆழ முள்ளுக்கு நறுக்குவதுதான், நேரத்தைக் கழிக்கக் கூடாது, பிடித்த அதே இடத்தில் விட வேண்டும். விரால் காற்றையும் மூச்சாக இழுக்கும் மீன். கரையில் கொஞ்ச நேரம் தாங்கும் என்பதால், குஞ்சுக் காவல் இல்லாத காலத்தில் கருவியோடு நிதானமாக வேலை செய்ய மற்ற மீன்களைவிட நேரம் கிடைக்கும். ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. மேலே வந்து காற்றை இழுக்க முடியாதபடி வலைப்பைக்குள் மூழ்கடித்து வைத்தால் விரால் தண்ணீரிலேயே மூச்சுத் திணறிச் சாகும்.

கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை வகைகள் முள்ளை விழுங்குவது குறைவு. உறிஞ்சி, பிடிக்காவிட்டால் துப்பிவிடும் பழக்கம் அவற்றுக்கு. தாடையில் பல் இல்லை, தொண்டைக்குள்தான் பல் இருக்கிறது. அதைத் தாண்டி முள் போயிருந்தால் நறுக்குவதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். மேட்டூர் அணையிலும் பல ஏரிகளிலும் இவை மீன்வளத் துறையோ குத்தகைக்காரரோ குஞ்சு விட்டு வளர்ப்பவை என்பதையும் மறக்கக் கூடாது. தூண்டில் போட அனுமதி கேட்கும்போதே, விட வேண்டுமா எடுக்கலாமா என்றும் கேட்டுவிடுவது நல்லது.

வாளைக்கு வாய் நிறையப் பல். விரலை உள்ளே விடாதீர்கள். சாதாரணக் கெளுத்திக்கு முதுகிலும் இரண்டு பக்கத் துடுப்பிலும் முள் உண்டு, அந்த மூன்றுக்கும் பின்னால் பிடிக்க வேண்டும். தேளி மீனின் பக்கத் துடுப்பு முள்ளில் நஞ்சு இருக்கிறது. அது குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி வையுங்கள், அந்த நஞ்சு சூட்டில் வலு இழக்கும். பிறகு மருத்துவரிடம் போய்விடுங்கள். தேளி ஆழமாக விழுங்கியிருந்தால் கையைக் கொடுத்து வேலை செய்வதைவிட நறுக்கிவிடுவது நமக்கும் பாதுகாப்பு.

மகசீரைப் பற்றி ஒரு சொல். காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத திமில் மகசீரை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2018இல் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக அறிவித்தது. மேட்டூருக்கு மேலே காவிரியில் யாருக்காவது மகசீர் மாட்டினால் எந்த வகை என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். தண்ணீரிலிருந்து தூக்கவே தூக்காமல் நரம்பை நறுக்கிவிடுங்கள். படம் எடுப்பதற்காகக்கூடத் தூக்க வேண்டாம்.

வெயிலும் உயரமும்

ஏற்காட்டில் தண்ணீர் குளிர்ச்சி, அங்கே விட்ட மீன் பிழைக்கும், கீழே சேலத்து ஏரியில் விட்டது பிழைக்காது என்று பொதுவாக ஒரு நம்பிக்கை. பாதி சரி. 20 டிகிரித் தண்ணீரில் கடல்மட்டத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். ஆனால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் 20 டிகிரித் தண்ணீரிலும் அங்கே கரையக்கூடியது ஏழரையை ஒட்டித்தான். தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜன் ஏறக்குறைய சமம். வித்தியாசம் மீனின் உடலில் இருக்கிறது. 10 டிகிரி சூடு ஏறினால் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. மலையில் கிடைப்பது அதே அளவு, தேவை பாதி. அதனால்தான் அங்கே பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

இதிலிருந்து சமவெளிக்கு ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். சித்திரை, வைகாசி மதியத்தில் மீனைக் கரையில் வைத்து முள்ளோடு மல்லுக்கட்டினால், மூச்சுக்குத் தவிக்கும் உடலில்தான் நாம் கருவி போடுகிறோம். அந்த மாதங்களில் நறுக்கும் முடிவை இன்னும் சீக்கிரம் எடுக்க வேண்டும். விடியற்காலை குளிர்ச்சி என்று எல்லா ஏரியையும் நம்பவும் வேண்டாம். ஆகாயத்தாமரையும் பாசியும் மண்டிய ஏரியில் செடிகளும் இரவு முழுக்க ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன, அதனால் சூரியன் கிளம்பும் நேரத்தில்தான் தண்ணீரில் அது மிகக் குறைவாக இருக்கும். பச்சைக் குழம்பாகத் தேங்கிய ஏரியைவிட ஓட்டமுள்ள காவிரியில் விட்ட மீனுக்கு வாய்ப்பு அதிகம்.

விடும்போது தூக்கி எறிய வேண்டாம். நிமிர்த்திப் பிடித்து, வாய் ஓட்டத்தை எதிர்நோக்கி இருக்க வைத்தால் போதும். முன்னும் பின்னுமாக ஆட்டுவதைப் பலர் செய்கிறார்கள். பின்னுக்கு இழுக்கும்போது தண்ணீர் செவுளில் தலைகீழாகப் போகிறது, அதில் பயன் இல்லை. கையிலிருந்து தானாக உதறிக்கொண்டு போகட்டும்.

சட்டிக்கு எப்போது

செவுளிலிருந்து ரத்தம் ஓட்டமாக வருகிறது, அல்லது கையில் தாங்கிப் பிடித்தும் மீன் நிமிராமல் பக்கவாட்டில் சாய்கிறது. அந்த மீனை விடுவது நம் மனசைச் சமாதானப்படுத்த மட்டும்தான் உதவும். கைபேசியில் ஒரு காணொளி சுற்றுகிறது: ரத்தம் வரும் செவுளில் கோலாவையோ சோடாவையோ ஊற்றினால் ரத்தம் நின்றுவிடுமாம். கனடாவில் பைக் (pike) என்ற நன்னீர் மீன்களில் இதையும் சோதித்தார்கள். ரத்தம் நிற்பதில் எந்த முன்னேற்றமும் இல்லை. செவுளில் தண்ணீரைத் தவிர எதையும் ஊற்றாதீர்கள்.

எடுத்துப் போவது என்று முடிவெடுத்தால் உடனே கொல்லுங்கள். கண்களுக்குச் சற்றுப் பின்னால், தலையின் உச்சியில் கனமான கட்டையால் ஓங்கி ஒரே அடி. பிறகு செவுள் வளைவை அறுத்து ரத்தத்தை வடிய விட்டால் இறைச்சியும் நன்றாக இருக்கும். விராலைக் கோணிப்பையில் போட்டுத் துடிக்கவிடுவது ரொம்பக் கொடுமை, காற்றை மூச்சாக இழுக்கும் மீன் சாக மணிக்கணக்காகும். வீட்டில் மீன் ஆய்பவரிடம் முள் உள்ளே இருப்பதை முதலில் சொல்லிவிடுங்கள். குடலை உருவும் கையில் குத்தினால் அதே எதிர்க்கூர் அவர்கள் விரலிலும் நிற்கும். முள் கிடைக்கும்வரை அந்த மீனைக் குழம்பில் போடக் கூடாது.

விழுங்காமல் பார்த்துக்கொள்வது

இவ்வளவும் வேண்டாமே என்றால் தூண்டிலைக் கட்டும்போதே செய்ய வேண்டியவை உண்டு. மீன் விழுங்கும் பெரும்பாலான நேரம் நாம் நரம்பைக் கவனிக்காத நேரம்தான். தடியை மண்ணில் நட்டு வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனால் திரும்பி வரும்போது முள் வயிற்றில் இருக்கும். தக்கை அசைந்ததும் கையில் எடுங்கள்.

கெளுத்தி, வாளைக்கு உயிரிரை போடுபவர்கள் வட்ட முள்ளுக்கு மாறலாம். அதன் கூர் தண்டை நோக்கி உள்பக்கம் வளைந்திருக்கும். தொண்டைக்குள் போனாலும் நரம்பு இறுகும்போது சதையில் குத்தாமல் வழுக்கி வந்து தாடை ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். ஆனால் வெடுக்கென்று இழுக்கும் பழக்கத்தை விட வேண்டும். மீன் போகிற போக்கில் நரம்பை மெல்ல இறுக்கினால்தான் அது வேலை செய்யும். இந்தப் பழக்கம் மாறாமல் வட்ட முள் வாங்குவதில் பாதிப் பயன்தான்.

ஜிலேபிக்கு மிகச் சிறிய முள் போட வேண்டும் என்று ஒரு வழக்கம். சின்ன முள்தான் எளிதாக விழுங்கப்படுகிறது. ஒரு அளவு பெரிதாக, தண்டு நீளமானதாக எடுங்கள். விழுங்கினாலும் தண்டு வாயில் நீட்டிக்கொண்டிருக்கும், பிடிக்க எளிது. எதிர்க்கூரை பிளேயரால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால் மீதி வேலையும் சுலபம். நரம்பு தளராமல் பார்த்துக்கொண்டால் இதனால் மீன் தப்புவது அதிகம் இல்லை. கையிலோ காதிலோ குத்தினால் நமக்கும் அது வெளியே வருவது எளிது.

பையில் கருவிகளை வைக்கும் வரிசையும் முக்கியம். அடியில் போட்ட கத்தரியைத் தேடும் நேரத்தில்தான் பலரும் நரம்பைக் கையில் சுற்றி இழுக்கிறார்கள். கத்தரி ஒரு கயிற்றில் கழுத்தில் தொங்கட்டும். ஃபோர்செப்ஸும் சைடு கட்டரும் மேல் பையில். ஈரச் சாக்கு, தூண்டில் போடுவதற்கு முன்பே, தண்ணீரோரம் விரித்தபடி.